ஷூ போட்ட வாத்து

அந்த அலுவலகத்துக்கே அவள் அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த ஸ்டோர் கீப்பர்கூட "அக்கா, டீ சொல்லட்டுமா?" என்றுதான் கேட்பார். அதனால் அவளுடைய கூடப்பிறந்தவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே, யாரும் பெயரைக் கேட்காமல், எல்லாருக்கும் தங்கச்சி ஆகிவிட்டாள்.

லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் நிறுவனம் அது. நூற்று நாற்பது கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர்கள் பொறுப்பில் இருந்தன. நான்காவது மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும், வேறொன்றும் தெரியாது. ஒரு சுவர் முழுக்க இரும்புப் பலகை. அதில் வரிசை வரிசையாகச் சிவப்பு விளக்குகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். எங்காவது லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே மாட்டியவர் மணிப் பொத்தானை அழுத்தினால், அந்த எண்ணின் விளக்கு எரியும். மேஜைமேல் இருக்கும் போன் கிர்ரென்று கத்தும்.

"எடுத்த உடனே மூணு கேள்வி," என்று அக்கா முதல் நாளே சொல்லிக்கொடுத்தாள். "எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ள எத்தனை பேர். அப்புறம் மெக்கானிக்குக்குச் சொல்லு. சொல்லிட்டு அவங்ககிட்ட பேசிக்கிட்டே இரு. கதவு திறக்கற வரைக்கும் போனை வைக்கக் கூடாது. என்ன ஆனாலும் வைக்கக் கூடாது."

அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கச்சியை வளர்த்தது அக்காதான். பேன் பார்த்தது, ரெட்டைப் பின்னல் போட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அவளே. இருவரும் ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். அக்கா வாயாடி. ஆனால் சமீப காலமாகப் பேச்சுக்கு நடுவே சட்டென்று நிறுத்தி, எதையோ காதுகொடுத்துக் கேட்பது போல உட்கார்ந்துவிடுவாள். கேட்டால், "பிரஷர்" என்பாள்.

அந்த வேலையில் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தங்கச்சி பொழுதுபோகாமல் வரையத் தொடங்கினாள். அவளுக்கும் வரைவதற்கும் ரொம்ப தூரம். பள்ளியில் அவள் வரைந்த தவளையைப் பார்த்து டீச்சர், "தலையணை எதுக்கு வரைஞ்ச?" என்று கேட்டிருக்கிறார். அவள் போனில் 'கையே வராதவங்களுக்குக் குட்டிக் குட்டிப் படங்கள்' என்று ஒரு பக்கம் கண்ணில் பட்டது. சிரிக்கிற மேகம், கன்னம் சிவந்த காளான், ஆவி பறக்கும் கோப்பை. எல்லாமே வட்டத்தில்தான் தொடங்கின. அவளுக்கு வட்டமே வரவில்லை. எங்கே தொடங்கினாலும் அவளுடைய வட்டம் கடைசியில் உருளைக்கிழங்காகிவிடும்.

மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வட்டம் வராவிட்டால் என்ன, எழுத்து வருமே. ப எழுதி மேலே மூடி, பக்கத்தில் ஒரு காது வைத்தால் கோப்பை. உ எழுதி, சுழிக்குள் ஒரு புள்ளி, முன்னால் ஒரு குட்டி முக்கோணம் வைத்தால் வாத்து. ஒ எழுதி, அதன் சுழியை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினால் நத்தை. அதற்குப் பிறகு புகார்த் தாள்களின் ஓரமெல்லாம் வாத்துகள் நீந்தின.

"ஏண்டி, பெல் அடிச்சா எடுக்கறதுக்கு உன்னை இங்க சேர்த்துவிட்டா, நீ வாத்துப் பண்ணை வச்சிருக்கியே!" என்பாள் அக்கா. ஆனாலும் ஒரு நத்தையைக் கத்தரித்துத் தன் சாப்பாட்டு டப்பாவில் ஒட்டிக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள டாக்டரிடம் போனாள். தங்கச்சி தனியாக இருந்தாள். பலகையில் ஒரே தூசி. ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு வந்தவள், அறுபத்தொன்றாம் விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். ஓரமெல்லாம் பிசுபிசுத்து அழுக்கேறியிருந்தது. உரித்து, உருட்டி, குப்பைக் கூடையில் போட்டாள்.

மூன்று மணிக்கு அந்த விளக்கு எரிந்தது.

போனை எடுத்தாள். முதலில் மூச்சுதான் கேட்டது. இழுத்து இழுத்து, விசில் போல.

"ஹலோ... ஐயோ, எடுத்துட்டீங்களா? நெஜமாவே எடுத்துட்டீங்களா?" ஒரு பெண் குரல்.

"எடுத்துட்டேங்க. பயப்படாதீங்க. எந்தக் கட்டடம்?"

"பழைய ரெக்கார்டு ஆபீசு. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. நான் ஒருத்திதான் இருக்கேன்."

தங்கச்சி பட்டியலைப் பார்த்தாள். அறுபத்தொன்று, ரெக்கார்டு ஆபீஸ். அந்த வரியின்மேல் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. இன்னொரு போனில் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். எப்போதும் சட்டைப் பையில் ஸ்பேனரோடு திரிவதால் அவருக்கு ஸ்பேனர் என்றே பெயர்.

"அறுபத்தொண்ணா?" என்றார் அவர். "நல்லாப் பாத்துச் சொல்லும்மா. அதைப் பூட்டி ரெண்டு வருஷம் ஆச்சே."

"அறுபத்தொண்ணுதான் அண்ணே. உள்ள ஒருத்தங்க மாட்டியிருக்காங்க. மூச்சு ரொம்ப வாங்குது."

"வாட்ச்மேன் வீட்டுப் பொம்பளை யாராவது ஏறியிருப்பாங்க. வரேன். ஆனா நான் ஊரோட இந்தக் கோடியில இருக்கேன், ஒரு மணி நேரம் ஆகும். பேசிக்கிட்டே இரு."

தங்கச்சி பேசிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணின் மருந்து கைப்பையில் இருந்தது. கைப்பை மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. கடைசிப் பெட்டிகளைக் கட்டிவிட்டுக் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று வெறுங்கையோடு லிஃப்ட்டில் ஏறியிருக்கிறாள்.

"வெறுங்கையேதானா?"

"மார்க்கர் ஒண்ணு இருக்கு. பெட்டிக்கு நம்பர் போடற மார்க்கர்."

"சுவரு எப்படி இருக்கு?"

"சாம்பல் கலருங்க. தகரம் மாதிரி."

"அப்ப வாங்க, படம் போடலாம். ஆள் வர்ற வரைக்கும்."

"நல்லாக் கேட்டீங்க. எனக்கு வரையவே வராதுங்க. ஒண்ணே ஒண்ணுதான் வரும். அதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க."

"எனக்கும்தான் வராது. எழுத வரும்ல? பெரிசா ஒரு ப போடுங்க. மேல ஒரு கோடு இழுத்து மூடுங்க. வலது பக்கம் ஒரு காது. இப்ப அது என்ன?"

போனுக்குள் மார்க்கர் தகரத்தில் கீச்சிடுவது கேட்டது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். பிறகு ஒரு சிரிப்பு.

"ஐய்ய... கப்பு!"

"அதுக்கு ரெண்டு கண்ணு வைங்க. புள்ளி போதும். நடுவுல ஒரு குட்டி வளைவு, வாய். மேல ரெண்டு நெளிவு, ஆவி."

கோப்பை முடிந்தது. வாத்து வந்தது. வாத்தின் வால் நீண்டுவிட்டது என்று அந்தப் பெண் வருத்தப்பட்டாள். "நீண்டா தண்ணின்னு சொல்லிடலாம், கவலைப்படாதீங்க," என்றாள் தங்கச்சி. நத்தைக்கு வந்தபோது மூச்சு இழுப்பது நன்றாகக் குறைந்திருந்தது. தங்கச்சியும் தன் தாளில் கூடவே வரைந்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு நேரம் ஒருவரைத் தாங்கிப் பிடித்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"தேட மாட்டாரு. அம்மா வீட்டுக்குப் போறேன், திங்கக்கிழமைதான் வருவேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். அம்மாகிட்டயும் சொல்லலை, திடீர்னு போய் நிக்கலாம்னு. வெள்ளிக்கிழமை பாருங்க, ஆபீசுல எல்லாரும் சீக்கிரமே போயிட்டாங்க."

தங்கச்சி காலண்டரைப் பார்த்தாள். செவ்வாய். பயத்தில் கிழமை மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆமா, முதல்ல எடுத்தப்ப ஏங்க அப்படித் திட்டினீங்க?" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நானா?"

"பெல்லுல விளையாடாதீங்கன்னு கத்தினீங்களே. அப்புறம் பத்துப் பன்னெண்டு வாட்டி அழுத்தினேன். நீங்க எடுக்கவே இல்லை."

"அது நான் இல்லைங்க."

"உங்க குரல்தாங்க அது."

போனில் அக்கா குரலும் தங்கச்சி குரலும் ஒன்றாகத்தான் இருக்கும். சொந்தக்காரர்களே ஏமாந்துபோவார்கள். தங்கச்சியின் பேனா நத்தையின் கழுத்தில் நின்றுவிட்டது.

அப்போது, "யாரோ பூட்டைத் திறக்கறாங்க!" என்று அந்தப் பெண் கூவினாள். "வந்துட்டாங்க! சத்தம் கேக்குது!"

"எங்க ஆளுதாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது."

இரும்புக் கதவு கரகரவென்று இழுபடும் சத்தம். அதன் பிறகு அதே போனில், அதே இடத்திலிருந்து, ஓர் ஆண் குரல்.

"தங்கச்சி? நான்தான் பேசறேன். இந்த லைன் எப்படிம்மா வேலை செய்யுது?"

"அண்ணே, அவங்களை முதல்ல வெளிய கூட்டிட்டு வாங்க."

"எவங்களை?" என்றார் ஸ்பேனர். "லிஃப்ட்டு கீழ்த்தளத்துல நிக்குது. கரண்டே இல்லை. டார்ச் அடிச்சுப் பாக்கறேன். தரையில ஒரு விரக்கடை தூசி, என் கால் தடம் மட்டும்தான் இருக்கு. இங்க யாரும் இல்லையே."

தங்கச்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சுவத்துல மட்டும் யாரோ என்னமோ போட்டு வச்சிருக்காங்க," என்றார் அவர். "கப்பு. வாத்து. இது நத்தை போல இருக்கு, பாதியில நிக்குது. எல்லாத்துக்கும் காலுல ஷூ." தகரத்தை விரல் தேய்க்கும் சத்தம். "மை ஈரமா இருக்கும்மா. விரல்ல ஒட்டுது."

ஷூ போடும்படி தங்கச்சி சொல்லவே இல்லை.

நாலரை மணிக்கு அக்கா வந்தாள். ஒரு கன்னம் பந்து போல வீங்கி, வாய்க்குள் பஞ்சு. ஸ்பேனர் அதற்கு முன்பே வந்து, கறுத்த விரலை மடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அக்கா அவளைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள்.

"டேப்பை யாரு எடுத்தா?" என்றாள் பஞ்சோடு.

"நான்தான். தூசியா இருந்துச்சு."

அக்கா பலகையின் பின்பக்கம் போனாள். ஒரு வயரை இழுத்து வெளியே காட்டினாள். அது எதிலும் மாட்டியிருக்கவில்லை. நுனிச் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

"அறுபத்தொண்ணு எரியவே எரியாது," என்றாள்.

ஸ்பேனர் அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, அந்தப் பொம்பளை அதுக்குள்ள செத்துக் கெடந்தப்ப, பெல் லைன் முன்னாடியே அறுந்துபோயிருந்துச்சுன்னு நான்தானே கையெழுத்துப் போட்டேன். நீங்க சொன்னீங்கன்னுதானே போட்டேன். இது அறுந்த மாதிரி தெரியலையே. பிடுங்கின மாதிரி இருக்கு."

"பல்லு வலிக்குது," என்றாள் அக்கா. "நாளைக்குப் பேசலாம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தங்கச்சி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கீழே தையல் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

"அந்த வாரம் முழுக்க அந்த ஆபீசைக் காலி பண்ணிக்கிட்டு இருந்தாங்க," என்று அக்கா தானாகவே சொல்லத் தொடங்கினாள். "மூட்டை தூக்கற பசங்க ஏறும்போதும் இறங்கும்போதும் பெல்லை அழுத்தி விளையாடுவானுங்க. எடுத்தா சிரிப்பானுங்க. ஒரு நாளைக்கு முப்பது வாட்டி. வெள்ளிக்கிழமை மறுபடியும் அடிச்சுது. எடுத்தேன். பேச்சு வரலை, மூச்சுதான் புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்துச்சு. வேணும்னே பண்றானுங்கன்னு நினைச்சுட்டேன். கத்திட்டு வச்சேன். மறுபடி அடிச்சுது, அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சத்தத்தைக் கம்மி பண்ணி, விளக்கு கண்ணை உறுத்துதுன்னு டேப்பை ஒட்டினேன். அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துட்டேன். அப்பல்லாம் அடுத்த ஷிப்ட்டுக்குன்னு ஆளே கிடையாது."

"திங்கக்கிழமைதான் பாத்தாங்களா?"

"திங்கக்கிழமைதான். செய்தி வந்த உடனே போய் வயரைப் பிடுங்கினேன். யோசிக்கவே இல்லைடி. கை தானா போச்சு."

தங்கச்சிக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அந்த இடத்தைவிட்டு ஓட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. டம்ளரை எடுத்துக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"அவங்க உன்கிட்ட என்ன பேசினாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"சிரிச்சாங்க. வாத்து வரைஞ்சாங்க. ஏன் திட்டினீங்கன்னு கேட்டாங்க."

அக்கா முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள். தங்கச்சி அவள் அழுது அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அம்மா போன அன்றுகூட.

மறுநாள் இரண்டு பேரும் வேலைக்கு வந்தார்கள். வயர் பலகைக்கு வெளியே தொங்கியபடியே கிடந்தது. மதியச் சாப்பாட்டை இருவரும் திறக்கவில்லை. மூன்று மணிக்கு அறுபத்தொன்று எரிந்தது. போன் கத்தியது.

தங்கச்சி கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டுத் தானே எடுத்தாள்.

தங்கச்சிக்கும் கேட்கப் போனின் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டாள். அதே மூச்சு, நேற்றைவிட மோசமாக. "இருக்கீங்களா? நேத்து பேசினவங்கதானே?"

"இல்லைங்க," என்றாள் அக்கா. "அதுக்கு முன்னாடி பேசினவ."

மூச்சு இரண்டு தடவை இழுத்தது. பிறகு அந்தப் பெண், "கதவைத் திறந்தாங்க. ஆனா என்னைப் பாக்காமலே போயிட்டாங்க," என்றாள். "மறுபடி மூச்சு அடைக்குதுங்க. இன்னொரு படம் சொல்லிக்கொடுங்க. அதைச் செஞ்சா கொஞ்சம் தேவலாமா இருக்கு."

அக்காவுக்குக் கோலிக்குண்டுகூட வரையத் தெரியாது. தங்கச்சி அவசர அவசரமாகத் தாள்களைப் புரட்டி, மேகப் படம் இருந்த ஒன்றை அவள் முன்னால் தள்ளினாள். அக்கா அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"கீழ ஒரு நேர்க்கோடு போடுங்க. அதுக்கு மேல... மூணு மேடு. நடு மேடு கொஞ்சம் பெரிசு. ரெண்டு முனையையும் கோட்டோட சேத்துடுங்க. மேகம்."

மார்க்கர் கீச்சிட்டது.

"கண்ணு எப்படிங்க? புள்ளியா?"

"இதுக்குப் புள்ளி வேண்டாம். ரெண்டு சின்ன வளைவு, கீழ் நோக்கி. மூடின கண்ணு. தூங்கற மேகம் இது."

"நல்லா வந்திருக்கு," என்றாள் அந்தப் பெண். "எப்பங்க ஆள் வருவாங்க?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"யாரும் வர மாட்டாங்கம்மா. நான் யாரையும் அனுப்பலை. நீங்க கூப்பிட்டீங்க, எனக்குக் கேட்டுச்சு, நான் அனுப்பலை. பசங்க விளையாடறாங்கன்னு நினைச்சு விளக்கை மூடிட்டேன். அப்புறம் பெல்லே வேலை செய்யலைன்னு பொய் சொன்னேன். ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

மறுமுனையில் மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் போனை வைக்கவில்லை. நாலு மணி ஆனது. ஐந்து ஆனது. அடுத்த ஷிப்ட்டுக்காரி வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஐந்தரை மணிவாக்கில் அந்த மூச்சு கேட்காமல் போனது. எந்த நொடியில் நின்றது என்று மூன்று பேராலும் சொல்ல முடியவில்லை. விளக்கும் எப்போது அணைந்தது என்று பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை இருவரும் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனார்கள். விலாசம் பழைய விசாரணைக் கோப்பில் இருந்தது. அவளுடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு வந்து, வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. போனில் குரல் வந்ததையும் சொன்னாள்.

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் அவர் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

"பைத்தியமாம்மா நீங்க?" என்றார்.

தங்கச்சி தன் போனை நீட்டினாள். ஸ்பேனர் அன்று எடுத்திருந்த படம் அதில் இருந்தது. சாம்பல் தகரத்தில் கோப்பை, வாத்து, அரைகுறை நத்தை. காலில் கயிறு கட்டிய ஷூ.

அவர் ஈரக் கையால் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க பாப்பா சின்னதுல செருப்பே போட மாட்டா," என்றார், படத்திடம் பேசுவது போல. "அவளைப் பழக்கறதுக்கு இவ எல்லாத்துக்கும் ஷூ போட்டு விடுவா. தக்காளிக்கு ஷூ, சூரியனுக்கு ஷூ. இவளுக்கு வரையத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம் நான். சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை, ஒரே ஒரு போன். அம்மா வீட்டுல சந்தோஷமா இருக்கட்டும், எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன். ரெண்டு வருஷமா நான்தான் அவளைக் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். என் மாமியார் என் மூஞ்சியில முழிக்கறதில்லை. நீங்க பாட்டுக்கு இப்ப வந்து..." முடிக்கவில்லை. "கெளம்புங்க."

அவர்கள் தெருமுனைவரை நடந்தார்கள். பின்னால் வேன் வந்து நின்றது.

"வாசல்ல சொன்னதை எழுதிக் கொடுப்பீங்களா?" என்று அவர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"கொடுக்கறேன்," என்றாள் அக்கா.

"ஏறுங்க."

குழந்தைகளுக்கான குட்டி இருக்கைகளில் முழங்காலை மார்போடு மடித்து உட்கார்ந்து, அக்காவும் தங்கச்சியும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஒரு சிக்னலில் அவர் திரும்பாமலே, "சிரிச்சாளா?" என்று கேட்டார். "சிரிச்சாங்க," என்றாள் தங்கச்சி. "வாத்து வந்தப்பவா?" "கப்பு வந்தப்ப." அவர் தலையாட்டிக்கொண்டார்.

வழக்கு மறுபடி திறந்தது. அக்காவுக்கு வேலை போனது. ஸ்பேனர் பொய்க் கையெழுத்துக்காக சஸ்பெண்டாகி ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தார். தங்கச்சி பேரில் அவருக்குக் கோபமில்லை. அக்காவை மட்டும் அதன் பிறகு அவர் அக்கா என்று கூப்பிடவில்லை. லிஃப்ட்டுக்குள் இருந்த படங்களையும் அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்தார்கள். இப்போது நான்கு இருந்தன. தூங்கும் மேகத்துக்கும் ஷூ இருந்தது. கோர்ட்டில், இவற்றை வரைந்தது யார் என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு மேலே போனார்கள். அக்காவின் வாக்குமூலமே போதுமானதாக இருந்தது. பதினான்கு மாதம் தண்டனை.

தங்கச்சி வேலையை விடவில்லை. அக்கம்பக்கத்தில் சிலர் அவளைத் திட்டினார்கள். வளர்த்தவளை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாளே என்றார்கள். மணி அடித்தால் இரண்டாவது தடவை அடிப்பதற்குள் எடுத்துவிடுவாள். விளையாட்டுப் பிள்ளைகள் அடித்தாலும் ஒவ்வொரு தடவையும் எடுத்து, "எந்த மாடி கண்ணு?" என்று கேட்பாள்.

அறுபத்தொன்று அதன் பிறகு எரியவில்லை. மழைக்காலத்தில் அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

மாதம் ஒரு முறை சிறைக்குப் போய் அக்காவைப் பார்ப்பாள். நடுவில் கம்பி வலை, இரண்டு பக்கமும் கூட்டம், எல்லாரும் கத்திக் கத்திப் பேசுவார்கள். மூன்றாவது முறை போனபோது அக்கா மெலிந்திருந்தாள். வாய் மட்டும் பழையபடி ஆகியிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரியின் குறட்டையைப் பற்றிச் சொல்லித் தங்கச்சியைச் சிரிக்க வைத்தாள். பிறகு பேச்சை நிறுத்தி, தலையைச் சாய்த்து, எதையோ கேட்பது போல நின்றாள்.

"இன்னும் கேக்குதாக்கா?" என்றாள் தங்கச்சி.

"இல்லைடி," என்றாள் அக்கா. "முன்னாடியெல்லாம் அவ கூப்பிடறது கேக்கும். ரெண்டு வருஷமும் கேட்டுச்சு, உன்கிட்ட சொல்லலை. இப்ப கேக்கறதில்லை. நான்தான் கூப்பிடறேன். மத்தியானம் மூணு மணி ஆச்சுன்னா, இருக்கீங்களாம்மான்னு சுவத்தைப் பாத்துக் கேக்கறேன்."

"என்ன சொல்றாங்க?"

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். கூட்டம் வலையைவிட்டு விலகத் தொடங்கியது. அக்கா விரல்களைக் கம்பியில் கோத்தபடி அங்கேயே நின்றாள்.

"எடுக்க மாட்டேங்கறா," என்றாள்.